வலப்பக்கத்துப் பேசின்

என் கொப்பியில் இப்படி இருக்கிறது:

'பெப்ரவரி 7, சனிக்கிழமை, காலை 7.40. மகள் சொன்னது – "பேசின் ரெண்டையும் அப்பாவும் அவரும் போய்ப் பாத்து எடுங்க. நான் ஒண்டும் சொல்லமாட்டன்." சாட்சி: கமலா. தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மறுப்பு எதுவும் சொல்லவில்லை.'

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் கொப்பியைத் தெரியும். நில அளவைக் கந்தோரில் படம் வரைந்து ஓய்வுபெற்றவன் நான். திகதி போட்டு எழுதாவிட்டால் ஒரு விஷயம் நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. மாமரம் முதலில் பூத்த திகதி, நாய் வந்து சேர்ந்த திகதி, கமலா என்னோடு கதைப்பதை நிறுத்திய திகதி, மீண்டும் கதைக்கத் தொடங்கிய திகதி... எல்லாம் இருக்கிறது.

ஆனால் மேலே உள்ள பதிவுக்கு மட்டும் சிவப்பு மையால் இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறேன். ஏன்?

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் கலியாணம் கட்டி அந்த வீட்டுக்கு வந்து ஏறுவான். வெல்லாவெளியிலிருந்து ஒரு சூட்கேசோடு களுதாவளைக்கு நான் வந்து ஏறி முப்பத்தாறு வருடங்கள் ஆகின்றன. அப்போது வீடு மாமியாரின் பெயரில் இருந்தது. பிறகு என் மனைவி கமலாவின் பெயருக்கு வந்தது. போன வருடம் மகள் நிரோவின் கலியாணத்தோடு அவளுடைய பெயருக்குப் போனது. வீட்டு உறுதிப்பத்திரத்தை எடுத்து ஆறுதலாக வாசித்துப் பார்த்தேன். என் பெயரும் அதில் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்தில்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. சுவருக்கு என்ன நிறம், யன்னலுக்கு என்ன திரை, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் – எல்லாம் அவர்களே தீர்மானித்தார்கள். நன்றாகத்தான் தீர்மானித்தார்கள். நான் ஏணி பிடித்தேன்.

இப்போது சொல்லுங்கள். முப்பத்தாறு வருடத்தில் முதன்முறையாக இந்த வீட்டுக்கு ஒரு பொருளை நான் தெரிவுசெய்யப் போகிறேன். சிவப்பு மை வேண்டாமா?

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்குள் இருக்கும் பாத்றூம் பழையது. அதில் ஒரேயொரு சின்ன வட்டப் பேசின். அதை எடுத்துவிட்டு இரண்டு புதுப் பேசின் வைக்க வேண்டும் என்பது மகளின் தீர்மானம். கமலாவும் ரீச்சர், நிரோவும் ரீச்சர். இரண்டு பேரும் காலை ஆறு ஐம்பதுக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும். ஆறேகாலிலிருந்து அந்தப் பேசினடியில் நடக்கும் போரை நான் கண்ணால் கண்டதில்லை. காதால் கேட்டிருக்கிறேன்.

ஏன் கண்ணால் காணவில்லை? அந்த நேரம் நான் கிணற்றடியில் நிற்பேன்.

கிணற்றடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சீமெந்துத் திட்டு இருக்கிறது. அதற்கு மேலே சுவரில் கண்ணாடி கொழுவ ஓர் ஆணி. திட்டின் நடுவில் பெரிய வட்டமாக ஒரு பூச்சு. மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெளிறின நிறம். அந்த வட்டத்தில் சோப்புப் பெட்டியை வைத்துவிட்டு, வாளியில் தண்ணீர் அள்ளி, முப்பத்தாறு வருடமாக அங்கேதான் சவரம் செய்கிறேன். மாரி காலத்தில் ஒரு கையில் குடை, மறு கையில் றேசர். முயன்று பாருங்கள். காது இரண்டும் மிச்சம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இந்த ஜனவரியில் கிணற்றடிக்கு இன்னொருவர் வந்து சேர்ந்தார். மருமகன் பிரதீபன். பனிச்சங்கேணிக்காரர். டோஹாவில் பெரிய ஹோட்டல் ஒன்றில் தண்ணீர்க் குழாய் வேலைகளைக் கவனித்தவர். கலியாணத்துக்கு லீவில் வந்துவிட்டுப் போய், இப்போது ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார். கணக்கில்லாத பேசின்களைத் தன் கையால் பொருத்திப் பூட்டிய மனிதர், களுதாவளையில் வாளித் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டு நின்றார்.

மகள் உத்தரவு போட்ட அன்று கிணற்றடியில் எங்களுக்குள் ஒரு கூட்டம் நடந்தது.

"மாமா, ஏன் ரெண்டு பேசின் கேக்கிறாங்க எண்டு விளங்குதா?"

"ஏன்?"

"ஒண்டு அவங்க ரெண்டு பேருக்கும். மற்றது நம்ம ரெண்டு பேருக்கும்."

"நிரோ அப்பிடிச் சொன்னவவா?"

"இதச் சொல்லணுமா மாமா? ஹோட்டல்ல லேடீஸ் ஒரு பக்கம், ஜென்ட்ஸ் ஒரு பக்கம். உலகம் முழுக்க அப்பிடித்தான்."

கொப்பியில் எழுதிக்கொண்டேன்: 'இடது – பெண்கள். வலது – ஆண்கள். ஆதாரம்: ஹோட்டல்.'

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க ஆளில்லை. குடையில்லாமல் சவரம்! வீட்டுக்குள்! ரைல்ஸ் போட்ட நிலத்தில்! பேசின் வைக்கும் மேடைக்கு ஐந்து அடி இரண்டு அங்குலம் இடம் இருந்தது. படம் வரைந்தேன். சுவரிலிருந்து முதல் பேசினின் நடுவுக்குப் பதினாறு அங்குலம், அங்கிருந்து அடுத்ததன் நடுவுக்கு முப்பது, மிச்சம் பதினாறு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் முழங்கை இடிக்காது. மருமகன் படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, டோஹாவில எஞ்சினியர்மாரும் இவ்வளவு வடிவாக் கீறமாட்டாங்க" என்றார். அன்று பின்னேரம் அவருக்கு என் பங்கு மீன் பொரியலையும் கொடுத்தேன்.

ஒன்பதாம் திகதி திங்கட்கிழமை காத்தான்குடிக்குப் போனோம். பேசின் கடை. முதலாளி றிஸ்வான், நாற்பது வயது இருக்கும், சிரித்த முகம்.

"வாங்க சேர், வாங்க. ரெண்டு பேசினா? ஜோடியா எடுத்துருங்க. ரெண்டும் ஒரே மாதிரி வைக்கிறதுதான் இப்ப எல்லாரும் செய்றது."

"ஒரே மாதிரி ஆக்களா தம்பி அதுக்கு முன்னால நிக்கப் போறாங்க?" என்றேன்.

றிஸ்வான் என்னைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வீட்ட கேட்டுட்டீங்களா சேர்?"

"எங்களத்தான் பாத்து எடுக்கச் சொன்னவங்க."

"அப்பிடித்தான் சொல்லுவாங்க..." என்று இழுத்தார். "இந்தக் கடைல நான் எவ்வளவோ பாத்திரிக்கன். ஆம்புளையள் தனியா வந்து எடுத்துட்டுப் போனா, அந்த பேசின் போற ஓட்டோவுக்கு நான் வாடகை பேசுறதே போகவும் வரவும் சேத்துத்தான்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

நான் கொண்டுபோன மூன்று போத்தல்களையும் எடுத்து மேசையில் வைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர். எங்கள் வளவு வாவிப் பக்கம் இருப்பதால் தண்ணீரில் கொஞ்சம் உவர்ப்பும் உண்டு, இரும்புக் காவியும் உண்டு. எந்தப் பேசினையும் ஒரு வருடத்தில் தேத்தண்ணி நிறமாக்கிவிடும். கடை வெளிச்சத்தில் எல்லாப் பேசினும் பளபளக்கத்தான் செய்யும். எங்கள் தண்ணீருக்கு எது தாங்கும் என்று பார்க்க வேண்டாமா?

"மூண்டு பேசின்ல இந்தத் தண்ணிய ஊத்தி வைப்பம் தம்பி. வெள்ளை ஒண்டு, கறுப்பு ஒண்டு, அந்தச் சந்தன நிறம் ஒண்டு. அடுத்த திங்கள் வந்து பாக்கிறன்."

"சேர், இது கடை... லெபோரட்டரி இல்ல."

"ரெண்டு பேசின் உங்களிட்டத்தான் எடுப்பன்."

ஊற்றினோம். மூன்றிலும் திகதி, நேரம் எழுதிய சீட்டு ஒட்டினேன். மருமகன் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். தெரிந்தவர்கள் யாராவது வந்துவிடுவார்கள் என்ற பயம்.

பதினாறாம் திகதி மறுபடியும் போனோம். றிஸ்வானின் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை.

"சேர், வியாழக்கிழமை ஒரு புள்ள வந்து, 'அந்த மண்ணிறக் கரை போட்ட மொடல்ல இன்னொண்டு இரிக்கா?' எண்டு கேக்குது. மொடல் இல்ல தங்கச்சி, ஒரு சேர் செய்ற சோதனை எண்டு சொன்னன். அந்தப் புள்ள கடைய விட்டே போயிட்டு."

சோதனை முடிவு: கறுப்பில் உப்பு வெள்ளையாகப் படிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. பளபளப்பான வெள்ளையில் காவி பிடித்திருந்தது. தேசிக்காய்ப் பாதியைப் பிழிந்து தேய்த்ததும் போய்விட்டது. வழவழப்பில்லாத சந்தன நிறத்தில் பிடித்த கறை மட்டும் எதற்கும் அசையவில்லை. தேசிக்காய் முடிந்தது. என் கைவிரல் தோலும் கொஞ்சம் முடிந்தது.

ஆகவே வெள்ளை. இடப்பக்கத்துக்கு ஐந்து அங்குல ஆழத்தில் முட்டை வடிவம். பெண்களுக்கு அது போதும் என்று நாங்களே முடிவு செய்தோம். வலப்பக்கத்துக்குத்தான் அரை நாள் எடுத்தது. நீள்சதுரம். ஏழு அங்குல ஆழம், தண்ணீர் வயிற்றில் தெறிக்காது. பைப்பின் கழுத்து நீளம், தலையை அதற்குக் கீழே நீட்டி முழுதாகக் கழுவலாம். றேசர் வைக்க ஓரத்தில் ஒரு தட்டு. தாடி வெட்டும் மெசினுக்குப் பக்கத்தில் பிளக் பொயின்ட்.

"மாமா, கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க... ஆ, சரி. இப்ப நாடிய உயர்த்துங்க."

கடை நடுவே நான் தண்ணீரில்லாத பேசினில் முகம் கழுவிக் காட்டினேன். றிஸ்வான் வேறு பக்கம் திரும்பி நின்றார். புறப்படும்போது கறை பிடித்த சந்தன நிறப் பேசினையும் கட்டி ஓட்டோவில் ஏற்றிவிட்டார்.

"இதையும் எடுத்துட்டுப் போங்க சேர். அன்பளிப்பு. இத இஞ்ச வச்சிரிந்தா எனக்கு யாவாரம் போகும்."

இருபதாம் திகதி வெள்ளிக்கிழமை, இரண்டு ரீச்சர்மாரும் பள்ளிக்கூடம் போனதும் மேசன் யோகன் வேலையைத் தொடங்கினார். ஒரு மணிக்குள் பழைய வட்டப் பேசின் கழன்று கொட்டிலுக்குப் பின்னால் போனது. புதிய இரண்டும் ஏறின. வலப்பக்கத்துக்கு மேலே கண்ணாடி. என் உயரம் ஐந்தடி பத்து அங்குலம், மருமகனுக்கு இன்னும் ஓர் அங்குலம் கூட. இரண்டு முகத்துக்கும் சரியாக வரும்படி அடையாளம் போட்டு அறைந்தோம். நான் என் றேசரை அந்தத் தட்டில் வைத்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த வீட்டுக்குள் எனக்கென்று ஒரு சாண் இடம்!

பின்னேரம் இரண்டேகாலுக்கு அவர்கள் வந்தார்கள். கைப்பையைக்கூட வைக்காமல் நேரே பாத்றூமுக்குப் போனார்கள். நாங்கள் இருவரும் வாசலில், பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளைகள் மாதிரி.

கமலா இடப்பக்கப் பைப்பைத் திறந்து பார்த்தாள். மூடினாள். நிரோ வலப்பக்கத்தில் நின்று அந்தத் தட்டைத் தடவினாள்.

"அப்பா, சும்மா சொல்லக்கூடாது. நல்ல வடிவா எடுத்திரிக்கீங்க. இந்தத் தட்டு எனக்குக் கிறீம் வைக்க அளவா இரிக்கு."

"கிறீமா?"

"பிளக்கும் வச்சிரிக்கீங்க! தலைமயிர் காயவைக்கிற மெசினுக்கு நான் எத்தின நாளாக் கேட்டுட்டிரிக்கன். அம்மா, நீங்க இடப்பக்கம் எடுங்க. நான் இது."

"எனக்கு இது காணும் புள்ள" என்றாள் கமலா.

நான் மருமகனைப் பார்த்தேன். மருமகன் தன் உலகம் முழுக்க உள்ள ஹோட்டல்களை நினைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

"அப்ப... நாங்க?" என்றேன்.

"நீங்க என்ன?"

"எங்களுக்கு எது?"

கமலா உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. கோபமில்லை, கேலியில்லை... ஆச்சரியம்.

"இஞ்சேருங்க, ஆறேகாலுக்கு இதில நிண்டு இடிபடுறது நானும் இவவும்தானே? உங்களுக்கு என்ன அவசரம்? கிணத்தடி இரிக்கே. முப்பத்தாறு வருசத்தில ஒரு நாளாவது அது சரியில்ல எண்டு சொல்லியிரிக்கீங்களா?"

"அப்பா பழகல்லயா? நீங்களும் பழகிடுவீங்க" என்று நிரோ தன் கணவரிடம் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லும் அதே குரலில். பிறகு கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். "இதென்னத்துக்கு வானத்தில கொழுவியிரிக்கு? எனக்கு நெத்தி மட்டுந்தான் தெரியுது. யோகன் மாமா... இத ஏழு அங்குலம் கீழ பதிச்சிருங்க."

யோகன் துளைக்கும் மெசினை எடுத்தார். நான் என் றேசரை எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு சாப்பிடுவதற்கு முன் கொப்பிகளை இறக்கித் தேடினேன். கிணற்றடி பற்றி நான் குறைப்பட்டு எழுதிய இடங்கள் ஒன்று இரண்டல்ல. 'மழை. காது வெட்டுப்பட்டது.' 'குளிர். தண்ணீர் ஐஸ்.' 'கண்ணாடியைக் காகம் தட்டி விழுத்திவிட்டது.' எல்லாவற்றுக்கும் திகதி இருக்கிறது, நேரம் இருக்கிறது. வாயால் சொன்னதற்குத்தான் ஓரிடத்திலும் பதிவில்லை.

கமலா சொன்னது சரி. பேசினின் ஆழத்தை அளந்தோம், நீளத்தை அளந்தோம், தண்ணீரின் காவியை ஒரு கிழமை ஊறவைத்து அளந்தோம். ஆறேகாலுக்கு அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை. ஆண்கள் கூடி எடுக்கும் எத்தனையோ தீர்மானங்கள் இப்படித்தானோ?

ஆனால் கதை இங்கே முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை, மருமகன் அந்தக் கறை பிடித்த சந்தன நிறப் பேசினைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார்.

"மாமா, இத நம்ம திட்டில வைப்பம். பைப் நான் இழுக்கிறன். மேல ரெண்டு தகரமும் போட்டா மழைக்கும் குடை தேவல்ல."

பனிச்சங்கேணிக்கு ஒரு கும்பிடு போட்டேன். பெண்ணெடுத்த வீட்டில் ஓர் ஆணுக்கு வேறென்ன பலம் இருக்கிறது, இன்னொரு மருமகனைத் தவிர?

தண்ணீர் போக ஓட்டை வேண்டுமே... மறுபடியும் வந்த யோகன் திட்டின் நடுவில், அந்த வெளிறின வட்டத்தில், உளியை வைத்துத் தட்டினார். டொக், டொக். நிறுத்தினார். மறுபடியும் தட்டினார்.

"ஐயா, இது உள்ளுக்கு வெறுமையா இரிக்கு."

பூச்சு உடைந்து விழுந்தது. கீழே ஒரு பழைய குழாய்த் துண்டு, வாய் மேலே பார்த்தபடி. யாரோ முன்பே இங்கே ஒரு பேசின் வைத்திருக்கிறார்கள். பிறகு யாரோ அதைக் கழற்றி, பள்ளத்தை மூடியிருக்கிறார்கள். அதன் மேல்தான் நான் முப்பத்தாறு வருடமாகச் சோப்புப் பெட்டி வைத்திருக்கிறேன்!

அளவு நாடாவை எடுத்தேன். வட்டத்தின் குறுக்களவு பதினான்கு அங்குலம். ஏதோ தோன்ற, கொட்டிலுக்குப் பின்னால் போய், நேற்றுக் கழற்றிப் போட்ட வீட்டுக்குள் இருந்த பழைய பேசினை அளந்தேன்.

பதினான்கு.

எனக்கு முன்பு இந்த வீட்டுக்கு வந்து ஏறிய ஆண் ஒருவர்தான். கமலாவின் தகப்பன். மண்டூர்க்காரர். நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் கிணற்றடியில் தனக்கென்று ஒரு பேசின் வைத்திருந்தாரா? அது ஒருநாள் வீட்டுக்குள் போய்விட்டதா?

சமையலறை யன்னலில் நின்ற கமலாவிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நான் அப்ப சின்னப் புள்ள" என்றாள். பிறகு எங்கள் புதுப் பேசினை எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்ல அகலமா இரிக்கு. கீரை கழுவ நல்லம்."

மருமகன் சட்டென்று தன் பல்துலக்கும் பிரஷை எடுத்து அதற்குள் வைத்தார். நான் என் றேசரை வைத்தேன். எல்லைக் கல் நட்ட மாதிரி.

யோகன் உடைத்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கட அப்பாட பூச்சு மாதிரி இரிக்கு ஐயா. அந்தக் காலத்தில இந்த வீட்டு வேலை எல்லாம் அவர்தான். அவரிட்டக் கேட்டாத் தெரியும். இப்ப வாழைச்சேனையில தங்கச்சி வீட்ட இரிக்கார்."

உடனே தொலைபேசி எண்ணை வாங்கி அழைத்தேன். தங்கச்சிதான் எடுத்தாள்.

"அப்பாவா? கிணத்தடியில சேவ் எடுத்துட்டு நிக்கார். மறுகா எடுங்க."

மறுகா எடுத்தேன். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் கிணற்றடியில்தான் நின்றார். ஆகவே, இந்தப் பத்தி அச்சுக்குப் போகும் நேரம்வரை என் கொப்பியில் உள்ள நிலைமை இது: 'திட்டிலிருந்த பேசின் மாமனாருடையது, அதைக் கழற்றி வீட்டுக்குள் பொருத்தச் சொன்னவர் மாமியார் – உறுதிப்படுத்தப்படவில்லை.'